நூற்றுப் பத்தொன்பதாவது கட்டம்

எங்கள் அச்சகத்தில் வெறும் கட்டத்தைப் பிளேட்டுக்கு அனுப்ப மாட்டோம். காலண்டர் அடிக்கும்போது மாதம் முடிந்த பிறகும் நாலைந்து கட்டம் தேதியில்லாமல் நிற்கும் இல்லையா, அதில் ஒரு தாமரையோ, ஒரு குத்துவிளக்கோ, ஒன்றும் தோன்றாவிட்டால் ஒரு கிளியோ போட்டுத்தான் அடிப்போம்; முதலாளி வன்னியராஜனின் அப்பா காலத்தில் ஒரு வருஷம் மார்ச் மாதத்துக் கடைசிக் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டார்கள் என்றும், அந்த வருஷமே கட்டிங் மெஷினில் ஒருத்தர் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டார் என்றும், அதிலிருந்து இந்த வழக்கம் என்றும் சொல்வார்கள். கட்டம் காலியாகக் கிடந்தால் எதுவாவது வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. முப்பத்தோரு வருஷமாகப் புரூஃப் பார்க்கிறேன், எழுத்துப் பிழையைத் தவிர வேறு எதற்கும் நான் பயந்ததில்லை.

சிவகாசியில் செவ்வந்தி சார்ட்ஸ் என்று கேட்டால் வழி சொல்வார்கள். பள்ளிக்கூடச் சுவரில் தொங்குகிற படங்கள்தான் எங்கள் தொழில். பழங்கள், பறவைகள், இதயத்தின் குறுக்குவெட்டு, தலைவர்கள், அப்புறம் தனிமங்களின் அட்டவணை. ஹைட்ரஜன் ஒன்று, ஹீலியம் இரண்டு என்று உலகத்தில் உள்ள தனிமங்களையெல்லாம் எண் போட்டு, கட்டம் கட்டி, ஏழு வரிசையில் நிறுத்தியிருப்பார்களே, அது. நூற்றுப் பதினெட்டோடு முடிந்துவிடும். அதற்கு மேல் உள்ளதை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை, செய்யவும் இல்லை. அந்த மே மாதம் முப்பதாயிரம் அட்டவணைக்கு ஆர்டர் வந்தது. கம்ப்யூட்டரில் அதை வடிவமைத்தவள் செல்வகனி. வேலையில் சுத்தம், வாய் பேசமாட்டாள். ஏழாவது வரிசையைக் காப்பி பண்ணிக் கீழே போட்டுப் பிறகு வேண்டாமென்று அழித்தபோது முதல் கட்டம் மட்டும் அழியாமல், ஃபிரான்சியத்துக்கு நேர் கீழே, தனியாக நின்றுவிட்டது. அழித்திருக்கலாம். அவள் அழிக்கவில்லை. காலிக் கட்டத்தை அனுப்பக்கூடாது. விஞ்ஞானப் படத்தில் கிளியைப் போட்டால் வாத்தியார்கள் சிரிப்பார்கள். அவள் 119 என்று எண் போட்டு, கீழே ஆதிரை என்று தட்டிவிட்டாள்.

ஆதிரை யாரென்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் செல்வகனிக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. இரண்டு கிலோ நூற்றைம்பது கிராம். இதயத்தில் ஏதோ ஒரு வழி திறக்காமல் பிறந்து, பதிமூன்று நிமிஷம் இருந்துவிட்டுப் போய்விட்டது. பாதி நேரம் இவள் கையில், பாதி நேரம் வராந்தாவில் இவள் புருஷன் தவசியின் கையில். பேர் வைக்க முப்பது நாள் ஆகுமென்று எல்லாரும் இருந்தார்கள், சாயங்காலத்துக்குள் அடக்கம் முடிந்துவிட்டது. வைக்க நினைத்த பேரை அவள் தவசியிடம்கூடச் சொன்னதில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும், ஆனால் கதை கேட்கிறவர்களைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது.

அது என் கையைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போனது, அந்தப் பழியை நான்தான் சுமக்க வேண்டும். நான் புரூஃபைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படிப்பவன். முன்னாலிருந்து படித்தால் அர்த்தம் வந்து கண்ணைக் கட்டிவிடும், பிழை தெரியாது; பின்னாலிருந்து வந்தால் எழுத்து எழுத்தாக மட்டும் தெரியும். அப்படித்தான் நூற்றுப் பத்தொன்பது, நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பதினேழு என்று விரல் வைத்து இறங்கி வந்தேன். ஒன்றுவரை எந்த எண்ணும் தாவவில்லை, ஆதிரை என்பதில் ஒற்றுப் பிழையும் இல்லை. பச்சை மையில் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எத்தனை தனிமம் உண்டு என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவன் எவனும் என் சம்பளத்துக்குப் புரூஃப் பார்க்க வரமாட்டான்.

எந்த வேலையானாலும் நல்லபடியாக விழுந்த முதல் ஷீட்டின் மூலையில் மஞ்சளும் குங்குமமும் தொட்டு அம்மன் படத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுவோம். அதற்குக் கீழேதான் ஷீட் எண்ணுகிற பெண்களின் நீள மேசை. ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பத்தேழுக்கு, அந்த மேசையில் அடுக்கியிருந்த ஷீட்டுக்கட்டின் மேல் ஒரு உருண்டை இருந்தது. கோழிமுட்டை அளவு. வெள்ளி நிறத்தில் கொஞ்சம் மஞ்சள் ஓடியிருந்தது. எண்ணுகிறவர்களில் மூத்தவள் குருவக்கா, "எவன்டா முட்டையக் கொண்டாந்து இங்க வச்சது" என்று புறங்கையால் ஒதுக்கினாள், அது ஒதுங்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். பிறகு எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் செய்கிற காரியத்தைச் செய்தாள், கொண்டுபோய்த் தராசில் வைத்தாள்.

"ரெண்டு கிலோ நூத்தம்பது" என்று அவள் உரக்கப் படித்தது கம்ப்யூட்டர் அறைக்குள் கேட்டது. செல்வகனி எழுந்து வந்தாள். தராசின் எண்ணைப் பார்த்தாள், உருண்டையைப் பார்த்தாள், சுவரில் இருந்த ஷீட்டைப் பார்த்தாள். கையை நீட்டித் தொட்டாள். சூடாக இருந்தது. காய்ச்சல் இல்லாத உடம்புக்கு எவ்வளவு சூடு இருக்குமோ அவ்வளவு. பதினோரு மணிக்குத் தராசு சைபருக்குப் போனது, தட்டில் ஒன்றுமில்லை. குருவக்கா திரும்பி வந்து உட்கார்ந்து, எண்ணியது எத்தனை என்பது மறந்துபோய், முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

மறுநாள் பத்து நாற்பத்தேழுக்கு அது மறுபடி வந்தது, மறுநாளும் வந்தது, ஞாயிற்றுக்கிழமை அச்சகம் பூட்டியிருந்தபோதும் வந்து போனது என்று காவலாளி சொன்னார். நாலாம் நாள் முதலாளி வந்து பார்த்து, "வேலை கெடாம இருந்தாச் சரி" என்றார். அடுத்த வாரம் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிற எஸ்தர் டீச்சரைக் கூட்டிவந்தோம். அவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே சுவரில் இருந்த ஷீட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அண்ணாச்சி, உலகத்துல பெரிய பெரிய ஆய்வுக்கூடத்துல எல்லாம் அணுவோட அணுவ மோதவிட்டு இதைச் செய்யப் பாக்குறாங்க. இன்னும் யாராலயும் முடியல. முடிஞ்சாலும் கண்ண மூடித் திறக்குற நேரங்கூட நிக்காதுன்னு ஒரு கணிப்பு."

"அவுக ஊர்ல நிக்காது டீச்சர்," என்றாள் குருவக்கா. "இங்க பதிமூணு நிமிசம் நிக்கிது."

"அதான் சொல்றேன். இந்த எடையில இருக்குறதுகளுக்குப் பதிமூணு நிமிஷம்கிறது ரொம்ப நீண்ட ஆயுசு. நூறு வயசு வாழ்ந்த மாதிரி."

கதவுப் பக்கம் நின்ற செல்வகனி, "நெசமாவா டீச்சர்?" என்று கேட்டாள். அவள் முன்பின் தெரியாதவர்களிடம் வாய் திறந்து நான் பார்த்தது அன்றுதான். டீச்சர் ஆமாம் என்றார். அவள் சரியென்று உள்ளே போய்விட்டாள்.

டீச்சர் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார். இந்தக் கட்டம் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக இறங்குகிற முதல் பத்தியின் அடியில் இருக்கிறது. லித்தியம், சோடியம், பொட்டாசியம் என்று அந்த வீட்டுப் பிள்ளைகள் எதற்கும் தண்ணீர் ஆகாது, பட்டால் பற்றிக்கொள்ளும், கீழே போகப்போகக் கோபம் கூடும், இது எல்லாருக்கும் கீழே இருக்கிறது. ஆகவே ஒரு சொட்டுத் தண்ணீர் பக்கத்தில் வரக்கூடாது. எங்கள் ஊருக்கு இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. பாதி வீட்டில் யாராவது ஒருத்தர் பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலந்தவர், எதை எதோடு சேர்க்கக்கூடாது என்பது இங்கே ஒன்றாம் வகுப்புப் பாடம்.

அன்றிலிருந்து எண்ணுகிற பெண்கள் விரலை நனைப்பதற்காக வைத்திருந்த ஸ்பாஞ்சுத் தட்டுகளை எடுத்துவிட்டு விபூதியைத் தொட்டு ஷீட்டைப் புரட்டப் பழகினார்கள். பதினோரு மணி டீ பதினொன்றே காலுக்குத் தள்ளிப்போனது. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு வருகிறவர்கள் பதினோரு மணி தாண்டும்வரை வெளியே வேப்பமரத்தடியில் நின்று உலர்த்தினார்கள். மெஷின்மேன் அழகர் வெற்றிலை போடுவதை விட்டார், அவர் சம்சாரம் வந்து முதலாளிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். தீயணைப்பு நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்து நாலு மணல் வாளி வைத்துவிட்டு, உருண்டையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். டீச்சர் எங்கிருந்தோ கதிரியக்கம் அளக்கிற கருவி ஒன்றை இரவல் வாங்கிவந்து வைத்துப் பார்த்தார், அது வாயைத் திறக்கவில்லை. சந்தையில் காய்கறிக் கடை வைத்திருப்பவர்களுக்குச் சேதி போய், எடை ஒரு கிராம்கூட மாறாத பொருள் ஒன்று இருக்கிறதாமே என்று தராசைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். இரண்டு கிலோ நூற்றைம்பதுக்கு ஒரு கிராம் குறையக் காட்டினாலும் அந்தத் தராசைப் பார்த்து ஊரே சிரித்தது. ஒரு மாதத்தில் எங்கள் சந்தையில் எடை சுத்தமாகிவிட்டது, இதை நான் நம்பவில்லை, போய் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

இந்தக் கூட்டத்தில் செல்வகனிக்கு உருண்டை கையில் கிடைப்பதே அரிதாக இருந்தது. ஒருநாள் கூட்டம் குறைவு. அவள் வந்து, "அக்கா, நான் கொஞ்சம் வச்சுக்கிடவா?" என்று கேட்டாள். குருவக்கா கொடுத்தாள். கோழிமுட்டை அளவு பொருள் அது, உள்ளங்கையில் அடங்கிவிடும். இவள் ஒரு கையை அதற்குக் கீழே கொடுத்து, இன்னொரு கையைக் கொஞ்சம் தள்ளி, பிறந்த பிள்ளையின் தலைக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்து வாங்கினாள். மூன்று பிள்ளை பெற்றவள் குருவக்கா. மேசையிலிருந்த மற்ற ஐந்து பெண்களையும் பார்த்தாள். அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் செல்வகனியே சொன்னாள், எடையைச் சொன்னாள், நிமிஷத்தைச் சொன்னாள், கட்டத்தில் இருப்பது யார் பேரென்று சொன்னாள். நான் தூக்குச்சட்டியை மூடிவிட்டேன்.

மறுநாள் பெண்கள் ஒரு சட்டம் போட்டார்கள். முதல் மூன்று நிமிஷம் தராசுக்காரர்களுக்கு, மிச்சம் பத்து நிமிஷம் செல்வகனிக்கு. முதலாளி வந்தால்கூட அந்தப் பத்து நிமிஷத்தில் மேசைப் பக்கம் விடமாட்டார்கள். அவளும் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொள்வாள். ஒரே ஒரு கஷ்டம் இருந்தது. முதல் வாரமே டீச்சரிடம் கேட்டுவிட்டாள்.

"கண்ணுத் தண்ணி பட்டாலும் ஆகாதா டீச்சர்?"

"அதுவும் தண்ணிதானேம்மா."

ஆகவே அழக்கூடாது. ஜூனிலிருந்து அக்டோபர்வரை, தினம் பத்து நிமிஷம், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் அழாமல் இருந்தாள். அழுகை வருகிறதென்று தெரிந்தால் உருண்டையைக் குருவக்கா கையில் கொடுத்துவிட்டு முகத்தை மேலே தூக்கி மின்விசிறியைப் பார்ப்பாள், அடங்கியதும் திரும்ப வாங்கிக்கொள்வாள். வீட்டுக்குப் போய் அழ வேண்டியதுதானே என்று கேட்டேன். "வீட்டுல அழுதா அவரு எந்திரிச்சு வெளிய போயிடுதாரு அண்ணாச்சி" என்றாள். தவசி எங்கள் அச்சகத்துக்குத்தான் லோடு வேன் ஓட்டுகிறான். வாசல்வரை வந்து கட்டுகளை ஏற்றுவான், நாலு மாதத்தில் ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. எனக்கு அவன்மேல் கடுங்கோபம் இருந்தது. எனக்கு யார்மேல்தான் இல்லை.

தீபாவளி நெருங்கியபோது அய்யாத்துரை வந்தார். பட்டாசு ஆலை ஒன்றில் ஃபோர்மேன், கலர் மருந்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சிவப்புக்கு எது, பச்சைக்கு எது, நீலம் ஏன் எல்லாருக்கும் சரியாக வருவதில்லை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். உருண்டையைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு கலர் இருக்கு. இதுக்கும் இருக்கும். இதுவரைக்கும் ஒரு மனுசன் கண்ணு அதைப் பாத்ததில்ல. கடுகளவு சுரண்டிக் குடுங்க, போதும். நாளைக்கு முழுசா வரத்தானே போகுது?"

"உங்க பேத்திய வாரத்துக்கு ஒரு விரலா வெட்டிக் குடுப்பீகளா?"

"அண்ணாச்சி, இது உலோகம்."

"அது உங்களுக்கு."

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஆசை வந்துவிட்டது, ஊருக்கும் பரப்பிவிட்டார். டீக்கடையில் அதே பேச்சு. ஆயிரம் மத்தாப்பு பார்த்த ஊருக்குப் பார்க்காத ஒரு நிறம் இருக்கிறது என்றால் சும்மா இருக்க முடியுமா. முதலாளிகூட ஒருநாள் செல்வகனியைக் கூப்பிட்டு, "எல்லாரும் ஆசப்படுதாகம்மா" என்று இழுத்தார். அவள், "அப்ப என் கணக்க முடிச்சிருங்க முதலாளி, நான் அந்த ஷீட்டோட போயிடுதேன்" என்றாள். அவர் விட்டுவிட்டார்.

ஆனால் சென்னையில் கல்வித்துறை அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை அப்படி விட முடியவில்லை. எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் எவனோ ஒரு வாத்தியார் அட்டவணையை முன்னாலிருந்து படித்திருக்கிறான். அங்கீகாரமில்லாத தனிமம் அச்சாகியிருக்கிறது, முப்பதாயிரத்தையும் திரும்பப் பெற வேண்டும், பிளேட்டை அழிக்க வேண்டும், அச்சகத்தில் உள்ள ஒவ்வொரு பிரதியையும் திங்கட்கிழமை வருகிற அதிகாரி முன்னால் கிழிக்க வேண்டும், இல்லாவிட்டால் இனிப் பள்ளி வேலை எதுவும் கிடையாது. கடிதத்தில் மூன்று சந்திப்பிழை இருந்தது. அதைச் சொல்லி என்ன பயன்.

முதலாளி செல்வகனியை உட்காரச் சொன்னார். அவரால் அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை, மேசையிலிருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துப் பேசினார். "முப்பது குடும்பம்மா" என்று மட்டும் சொன்னார். அவள் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"திங்கக்கிழமைதானே முதலாளி? சனிக்கிழம வரைக்கும் இருக்குல்ல?"

"இருக்கும்மா."

"அப்ப சனிக்கிழம நான் ஒண்ணு செஞ்சுக்கிடுதேன்."

நேராக என்னிடம் வந்தாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்ததும் சேனை வைப்பார்கள். கருப்பட்டித் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் விடுவது. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்று, நல்ல குணமுள்ளவராகத் தேடிப்பிடித்து வைக்கச் சொல்வார்கள். ஐம்பத்தெட்டு வயதில் என்னை ஒரு வீட்டிலும் கூப்பிட்டதில்லை, கூப்பிடாததில் ஆச்சரியமும் இல்லை.

"எம்பிள்ளைக்குச் சேனை வைக்கவே இல்ல அண்ணாச்சி. கருப்பட்டி கரைச்சு எடுத்துட்டு வர்றதுக்குள்ள போயிருச்சு. நீங்க வைக்கணும்."

"உனக்குக் கிறுக்கா? தண்ணி பட்டா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும். திங்கக்கிழம கிழிக்கும்போது ஒண்ணுமே கிடைக்காம போறதுக்கு, பேரு வச்சு, சேனை வச்சு, அதுவா போகட்டும்."

"அப்படின்னா வேற ஆளப் பாரு. என் கொணம் வந்தா பிள்ள விளங்குமா?"

"தப்பக் கண்டா விடாத பிள்ளையா இருக்கட்டும்," என்றாள். "நீங்கதானே சரின்னு கையெழுத்துப் போட்டீக?"

நான் அழகரைக் கூப்பிட்டுக் காரணமில்லாமல் திட்டினேன்.

காகிதம் நிறைந்த இடத்தில் செய்ய முடியாது என்று அய்யாத்துரையிடம் போனோம். அவர் முகம் மலரும் என்று நினைத்தேன். மலரவில்லை, பயந்துவிட்டார். சனிக்கிழமை எட்டு மணிக்கே வந்து, பின்கட்டு வெட்டவெளியில் ஒன்றரை அடி உயரத்துக்கு மணலைக் கொட்டிக் குழிவாக்கி, சுற்றிப் பன்னிரண்டு அடிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, எல்லாரையும் பருத்தித் துணி உடுத்திவரச் சொல்லி, எனக்கு நாலு அடி நீள மூங்கில் குச்சியின் முனையில் ஒரு சங்கைக் கட்டிக் கொடுத்தார். எத்தனையோ பேரை வெடிமருந்துக்குப் பறிகொடுத்த மனுஷன், கோட்டை மூன்று தடவை சுற்றிவந்து பார்த்தார். எஸ்தர் டீச்சர் வந்திருந்தார். சந்தைக்காரர்கள் அன்று தராசு கொண்டுவரவில்லை. கடையைச் சாத்திவிட்டுக் கோட்டுக்கு வெளியே நின்றார்கள்.

பத்து நாற்பத்தேழுக்கு வந்தது. செல்வகனி இரண்டு கையிலும் ஏந்திப் பின்கட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒன்பது நிமிஷம் வெயிலில் நின்றபடி வைத்திருந்தாள். பிறகு குனிந்து, காது எந்தப் பக்கம் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, ஒரு பக்கமாக வாயை வைத்து, ஆதிரை, ஆதிரை, ஆதிரை என்று மூன்று தடவை சொன்னாள். கோட்டுக்கு வெளியே நின்ற எல்லாருக்கும் கேட்டது. மணலில் வைத்துவிட்டுக் கோட்டைத் தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"வைங்க அண்ணாச்சி."

நான் குச்சியை நீட்டிச் சங்கைச் சாய்த்தேன். ஒரு சொட்டுக் கருப்பட்டித் தண்ணீர். சத்தமே வரவில்லை. வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை மேலே தூக்கினால் இமைக்குள் ஒரு நிறம் தெரியுமே, அந்த நிறத்தில் எரிந்தது. நட்ட நடுப்பகல் போன்ற வெயிலிலும் எங்கள் எல்லார் சட்டையும் சேலையும் கொஞ்ச நேரம் அந்த நிறத்தில் இருந்தன. அவ்வளவுதான். மணல் மட்டும் கிடந்தது. அய்யாத்துரை அந்த நிறத்தைக் கொண்டுவருவதற்கு அடுத்த இரண்டு வருஷம் தலைகீழாக நின்று பார்த்துத் தோற்றார். திங்கட்கிழமை அதிகாரி வந்து ஷீட்டைக் கிழித்துக்கொண்டு போனார், அதற்கு முந்தின நாளே அது வரவில்லை.

செல்வகனி மணலைப் பார்த்தாள். இனிமேல் ஒன்றும் பற்றிக்கொள்ளாது என்று தெரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நாலு மாதத்து அழுகையா, மூன்று வருஷத்து அழுகையா, நான் கேட்டதில்லை அப்படி ஒரு அழுகை. யாரும் தேற்றவில்லை. பேர் வைக்காத பிள்ளை போனால் எங்கள் பக்கத்தில் துக்கம் கேட்க மாட்டார்கள். பந்தல் கிடையாது, பாய் விரிப்பது கிடையாது, அடுத்த வீட்டுக்காரி வந்து வாசலில் நின்று கேட்பதுகூடக் கிடையாது. இப்போது பேர் வைத்தாகிவிட்டது. குருவக்கா முதலில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கைபோட்டாள், பிறகு எண்ணுகிற பெண்கள் ஐந்து பேரும், அப்புறம் சந்தைக்காரிகள், டீச்சர், அழகரின் சம்சாரம் என்று ஒவ்வொருத்தராக வந்து சுடுமண்ணில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்றோம். முதலாளி மெஷினை நிறுத்தச் சொன்னார்.

துக்க வீட்டில் கேட்பதுபோலவே கேட்டார்கள். என்ன வயசு என்று ஒருத்தி கேட்டாள், பதிமூணு நிமிஷம் என்றாள். யார் சாயல் என்று கேட்டார்கள், நெத்தி அவரு, வாய் நான் என்றாள். முடி நிறைய இருந்ததா என்று கேட்டார்கள், இருந்தது என்றாள். சொல்லச்சொல்ல அழுகை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

குருவக்கா அவள் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "அம்புட்டு நேரத்துல புள்ள என்னம்மா பண்ணுச்சு?" என்று கேட்டாள்.

"ஒரு தடவ கொட்டாவி விட்டுச்சுக்கா."

பின்கட்டு வாசல்படியில் வேன் சாவியைக் கையில் பிடித்தபடி தவசி நின்றுகொண்டிருந்தான். எப்போது உள்ளே வந்தான் என்று யாரும் பார்க்கவில்லை.

"ரெண்டு தடவ," என்றான். "என் கைக்கு வந்த பெறகும் ஒண்ணு விட்டுச்சு."